தலை தட்டும் கணக்கு

தொடக்கப் பள்ளிக் கணக்குகளில் மிகவும் சாதுவான பாடம் ஒன்று உண்டு. கூட்டலைப்போல் அது விரல்களைத் தேடவைப்பதில்லை. வகுத்தலைப்போல் பிள்ளைகளை அழவைப்பதுமில்லை. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்குப் பக்கத்திலுள்ள பத்தையோ நூறையோ சொல்லவேண்டும், அவ்வளவுதான். 43 என்றால் 40. 47 என்றால் 50. கடைசி இலக்கம் ஐந்துக்குக் குறைந்தால் கீழே இறங்கு. ஐந்தோ, ஐந்துக்கு மேலோ ஆனால் மேலே ஏறு. முழுதாக்குதல் என்றும் தோராயமாக்குதல் என்றும் இதற்குப் பெயர். சூத்திரம் இரண்டு வரி, பரீட்சையில் இரண்டு மார்க்கு. இதில் போய்த் தர்மம், நியாயம் என்று பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கிறது என்பதே என் கட்சி.

செங்கத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். செங்கம், திருவண்ணாமலைக்கு மேற்கே செய்யாற்றங்கரையில் உள்ள பழைய ஊர். சங்க காலத்து நன்னனின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் அவனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. வடக்கே பார்த்தால் ஜவ்வாது மலை. இந்தப் பாடத்தை நடத்த ஆசிரியர்கள் வழக்கமாகக் கரும்பலகையில் ஒரு மலை வரைவார்கள். ஒரு பக்க அடிவாரத்தில் 40, மறுபக்க அடிவாரத்தில் 50, உச்சியில் 45. மலைச் சரிவில் 43-இல் ஒரு பந்தை வைத்தால் அது 40-க்கு உருளும். 47-இல் வைத்தால் 50-க்கு உருளும். நல்ல உபாயம். செங்கத்துப் பிள்ளைகளுக்கு மலையை வரைந்துகூடக் காட்டவேண்டாம். ஜன்னல் பக்கம் கையை நீட்டினால் போதும்.

பந்தெல்லாம் ஒழுங்காக உருண்ட பிறகு அவர் ஒரு கணக்குக் கொடுத்தாராம். "ஒரு மூட்டையில் 43 கிலோ புளி இருக்கிறது. பக்கத்துப் பத்துக்கு முழுதாக்கினால் எவ்வளவு?" கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "வாங்கறவங்களுக்கா சார், விக்கறவங்களுக்கா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அதை எனக்குச் சொன்னபோதும் வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் வீட்டார் மலையில் புளி பொறுக்கிக் கீழே கொண்டுவந்து விற்பவர்கள் என்பதைக் கடைசியில், தற்செயலாகச் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. புத்தகம் கேட்காமல் விட்ட கேள்வி அது. 43-ஐ 40 ஆக்கும்போது மூன்று எங்கே போகிறது? காகிதத்தில் அது எங்கும் போவதில்லை, அழிந்துவிடுகிறது. சந்தையில் எதுவும் அழிவதில்லை. ஒருவர் சாக்கிலிருந்து குறைந்தது இன்னொருவர் சாக்கில் இருக்கிறது. சாக்குக்கென்று ஒரு கிலோ, தூசுக்கென்று ஒரு கிலோ, ஈரத்துக்கென்று ஒரு கிலோ கழித்துக்கொண்டு, "சரி, நாற்பது என்று வைத்துக்கொள்" என்கிற குரலை அந்தக் குழந்தை கேட்டிருக்கிறாள். "வைத்துக்கொள்" என்பதற்குள் எத்தனை கிலோ புளி அடங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வகுப்பில் அவள் ஒருத்திதான் அந்தக் கணக்கைக் கணக்காக எடுத்துக்கொண்டவள் என்று தோன்றுகிறது.

நம் ஜனங்களுக்கு இது புதிதல்ல. தராசு வருவதற்கு முன்னால் படியும் மரக்காலும்தான். படியை இரண்டு விதமாக அளக்கலாம். தானியத்தைக் குவித்து, கோபுரமாக மேலே நிற்கவிட்டு அளப்பது ஒன்று. விளிம்போடு விளிம்பாகக் கையாலோ கோலாலோ வழித்துத் தலை தட்டி அளப்பது இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் ஒரு படிதான். வாங்கும்போது கோபுரப் படி, கொடுக்கும்போது தலை தட்டிய படி என்று அளந்தே வாழ்ந்த மனிதர்களைக் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் யாரும் பொய் சொன்னவர்கள் அல்ல. படி என்றார்கள், படிதான் அளந்தார்கள்.

இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் இந்தப் பாடத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'மட்டந்தட்டல்'. முதலில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பக்கத்தில் ஒருவனை மட்டம் தட்டினான் என்றால் நாலு பேர் முன்னால் அவனைச் சிறுமைப்படுத்தினான் என்று அர்த்தம். யோசித்துப் பார்த்தால் நம்முடைய 'முழுதாக்குதல்' என்ற சொல்லைவிட அது யோக்கியமான சொல். முழுதாக்குதல் என்பதில் ஏதோ குறையை நிறைவு செய்வதுபோல ஒரு பாவனை இருக்கிறது. 43-ஐ 40 ஆக்குவது எந்த விதத்தில் முழுமை? மட்டந்தட்டல் என்றால் எதையோ வழித்துத் தள்ளுகிறோம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

இதற்கு எதிர்த் திசையிலும் நமக்குப் பழக்கங்கள் உண்டு. கறிகாய் வாங்கிவிட்டுப் போகும்போது கேட்கிற கொசுறு. தராசு முள் சமமாக நின்ற பிறகும் வியாபாரி ஒரு பிடி கூடப் போடுகிறானே, அது. கல்யாணத்தில் நூறு ரூபாய் மொய் எழுதுகிறவன் உண்டா? நூற்றொன்று. ஐம்பத்தொன்று. ஆயிரத்தொன்று. உலகமெல்லாம் ஒன்றைத் தள்ளிவிட்டு நூறு என்று சொல்லத் துடிக்கும்போது, நாம் நூறை எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் தேடிப் பையைத் துழாவுகிறோம். நூறு என்றால் முடிந்துபோகிறது, ஒன்று கூடினால் உறவு மேலே தொடர்கிறது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

இப்படியெல்லாம் சொல்வதால் தோராயமே கூடாது என்று நான் வாதாடுவதாக யாரும் நினைத்துவிடவேண்டாம். தோராயம் தெரியாத குழந்தை கணக்கே தெரியாத குழந்தை. 48, 53, 97 என்று மூன்று சாமான் விலையைக் கடைக்காரர் கூட்டி 298 என்று கேட்கும்போது, 'ஐம்பது, ஐம்பது, நூறு. இருநூறுக்குப் பக்கத்தில்தானே வரவேண்டும்' என்று மனசுக்குள் ஒரு மணி அடிக்கவேண்டும். அந்த மணியைக் கட்டிவைப்பதற்குத்தான் இந்தப் பாடம். ஏழைக்கு அது காவல். துல்லியமாகக் கூட்டத் தெரிந்தும் இந்த மணி அடிக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். யந்திரத்தில் ஒரு சைபர் கூட விழுந்துவிட்டால் அந்தத் தொகையையும் பைசா சுத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அதே ஜவ்வாது மலையில் காவலூரில் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம் உள்ளது. அந்தக் கண்ணாடியின் முகம் ஒளியலையின் நீளத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் தேய்க்கப்படவேண்டும்; தலைமயிரின் கனம்கூட அங்கே மலை. ஆனால் அந்தக் கண்ணாடியில் விழும் ஒரு நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், இத்தனை நூறு ஒளியாண்டு, இவ்வளவு முன்பின் இருக்கலாம் என்றுதான் சொல்வார்கள். ஒரே மனிதர் ஒன்றில் இம்மி பிசகமாட்டேன் என்கிறார், இன்னொன்றில் நூறு இருநூறைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டுமே சரிதான். 'முன்பின் இவ்வளவு' என்று சொல்லிவிடுகிறாரே, அங்கேதான் அவர் புளி வியாபாரியிடமிருந்து வேறுபடுகிறார். நம் பழைய சொல்லான 'ஏறக்குறைய'வும் அந்த ஜாதிதான். ஏறவும் கூடும், குறையவும் கூடும் என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவைத்துவிட்டே எண்ணைச் சொல்லுகிறது.

உச்சியில் நிற்கும் 45-க்கு வருகிறேன். அது ஏன் 50-க்குப் போகவேண்டும்? நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் அது சம தூரத்தில் இருக்கிறது. பந்து எந்தப் பக்கமும் உருள நியாயம் இல்லை. எங்கோ ஓரிடத்தில் தீர்மானம் வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் கூடி 'மேலே' என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இன்னொரு ஒப்பந்தமும் வழக்கில் இருக்கிறது: பாதியில் நிற்பது எந்தப் பத்து இரட்டைப்படையோ அந்தப் பக்கம் போகவேண்டும் என்பது. அதன்படி 45, 40 ஆகும். 55, 60 ஆகும். நீண்ட கணக்குகளைக் கூட்டும்போது எல்லாப் பாதிகளும் மேலேயே ஏறிக்கொண்டு போனால் மொத்தம் வீங்கிவிடும் என்பதால் புள்ளிவிவரக்காரர்கள் இதைக் கையாளுகிறார்கள். ஆக, 43 நாற்பதுக்குப் பக்கம் என்பது உண்மை. 45 ஐம்பதாகும் என்பது ஏற்பாடு. இந்த இரண்டையும் ஒரே குரலில், ஒரே அதட்டலில் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எது இயற்கை விதித்தது, எது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டது என்ற பேதத்தை ஒன்பது வயதில் சொல்ல இதைவிட எளிய சந்தர்ப்பம் கிடைக்காது. பின்னால் அந்தக் குழந்தை சந்திக்கப்போகும் பல ஏற்பாடுகள் இயற்கை என்ற வேஷத்தில்தான் வரும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. 445-ஐப் பக்கத்து நூறுக்குக் கொண்டுபோனால் 400. அதையே முதலில் பத்துக்குக் கொண்டுபோனால் 450. அந்த 450-ஐ நூறுக்குக் கொண்டுபோனால் 500. ஒவ்வொரு படியிலும் விதி மீறப்படவில்லை. முடிவில் நூறு கூடிவிட்டது. பிள்ளைகள் இதில் வழுக்கி விழுவார்கள். ஆசிரியர் 'மூல எண்ணைப் பார், மூல எண்ணைப் பார்' என்று கத்துவார். ஊர்வம்பு இப்படித்தானே வளர்கிறது? ஒருவர் கேட்டதைக் கொஞ்சம் உருட்டிச் சொல்கிறார். அடுத்தவர் உருட்டியதை உருட்டுகிறார். மூன்றாம் தெருவுக்கு வரும்போது ஒரு மனுஷியின் பெயர் போய்விடுகிறது. விசாரித்தால் ஒருவரும் ஐந்துக்கு மேல் கூட்டியிருக்கமாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் உண்டா என்றால், சில இடங்களில் உண்டு. சத்துணவுக்கு அரிசி போடும் அம்மாளைக் கேளுங்கள். இன்று 43 பிள்ளைகள் வந்திருந்தால் 'பக்கத்துப் பத்து' 40 என்று அவள் உலையில் போட்டால் என்ன ஆகும்? மூன்று பிள்ளைகள் பட்டினி, அல்லது எல்லார் தட்டிலும் ஒரு கவளம் குறைவு. அங்கே 41 ஆனாலும் 50 பக்கம்தான் கை போகவேண்டும். ஆற்றைக் கடக்கும் படகில் இதற்கு நேர்மாறு. பத்துப் பேர் ஏறும் படகில் பதினேழு பேரை ஏற்ற வந்தால், 17 இருபதுக்குப் பக்கம் என்று இரண்டு நடை போதும், சரி. பதின்மூன்று பேருக்கு? 13 பத்துக்குப் பக்கம் என்று ஒரு நடையோடு ஓடக்காரன் துடுப்பை வைத்துவிட்டால் மூன்று பேர் கரையில் நிற்பார்கள். ஒரே நடையில் ஏற்றிவிட்டால் பதின்மூன்று பேரும் தண்ணீரில். 'எது பக்கம்' என்பது ஒரு கேள்வி. 'குறைந்தால் யாருக்கு நஷ்டம்' என்பது வேறொரு கேள்வி. பாடப் புத்தகம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது.

சட்டம் எழுதியவர்கள் ஓரிடத்தில் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமான சந்தோஷம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது இதன் அடிப்படை. 61-ஐ முப்பதால் வகுத்தால் இரண்டும் சொச்சமும் வரும். கரும்பலகை விதிப்படி இரண்டு ஆசிரியர் போதும். அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. அறுபத்தொன்றாவது குழந்தை வாசலில் காலை வைத்தவுடன் மூன்றாவது ஆசிரியர் வரவேண்டும் என்கிறது. பன்னிரண்டே பிள்ளைகள் உள்ள மலைக் குக்கிராமத்துப் பள்ளிக்கும் இரண்டு பேர் என்கிறது. மீதி யாருடையது என்று கேட்டு, குழந்தையுடையது என்று தீர்ப்பெழுதிய கணக்கு இது.

ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. அறுபத்தொன்று, அறுபது ஆனாலும் கணக்கு மாறும். ஜவ்வாது மலை மண்ணில் சாமை விளைவதை மட்டும் நம்பி வருஷம் முழுவதும் சாப்பிட முடியாத குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போகின்றன. போகும்போது சில குழந்தைகளும் கூடப் போகின்றன. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் அடிபட்டால், அந்த ஒன்றோடு போவது ஒன்று மட்டும் அல்ல. ஆகவே ஒரு பெயரைக்கூட அடிக்க ஆசிரியருக்கு மனம் வராது. வராத பிள்ளையை வந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்லும் ஆசை எங்கும் எழக்கூடியதுதான். அது சரி என்று நான் சொல்லமாட்டேன். எண்ணை உருட்டுவதில் கருணைக்காக உருட்டுவது, களவுக்காக உருட்டுவது என்று இரண்டு இருப்பது மட்டும் மெய். இரண்டும் பதிவேட்டில் ஒரே மையில்தான் தெரியும்.

என் சிநேகிதரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "சிலபஸ் முடிக்கவேண்டாமா?" என்றார். நியாயம்தான். இருந்தாலும் ஒரு காரியம் செய்து பார்த்தாராம். முழுதாக்கிய எண்ணை எழுதும்போது, தள்ளியதையோ சேர்த்ததையோ பக்கத்தில் சின்னதாக எழுதிவைக்கச் சொன்னார். 40, மூன்று தள்ளினேன். 50, மூன்று சேர்த்தேன் என்பதுபோல. இரண்டு நாள் எழுதினார்கள். மூன்றாம் நாள் ஒரு பையன், "இதையும் எழுதறதுன்னா நாப்பத்தி மூணுன்னே எழுதிடலாமே சார்?" என்று கேட்டுவிட்டான். பையன் கெட்டிக்காரன். அவனுக்கு ஒழுங்கான பதில் என்னிடமும் இல்லை.

உருட்டவே கூடாத எண்கள் உண்டா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எவரெஸ்ட் சிகரத்தை முதலில் கணக்கிட்டபோது சரியாக 29,000 அடி வந்ததாகவும், அப்படியே சொன்னால் உத்தேசக் கணக்கு என்று உலகம் நினைத்துவிடும் என்று பயந்து இரண்டு அடி கூட்டி, 1856-இல் 29,002 என்று அறிவித்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. உருண்டையான எண்ணை உலகம் நம்புவதில்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் மரம் வெட்டப் போனவர்கள் 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலைப் பக்கத்தவர்களும் அவர்களில் உண்டு. இருபது என்று படிக்கும்போது யாரோ உத்தேசமாகச் சொன்னதுபோல் காதில் விழுகிறது. எண்ணிய இருபது அது; இருபது வீட்டில் விழுந்த இருபது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளித் தீயில் மாண்ட குழந்தைகள் 94. நம் சூத்திரப்படி அது 90. அந்த நாலை எந்த ஆசிரியரும் கரும்பலகையில் தள்ளிக்காட்டமாட்டார், கை வராது.

செங்கத்து மண்ணுக்கு இந்த விஷயத்தில் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. ஆநிரை கவர வந்தவர்களோடு போராடி விழுந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கல்லாக நட்டு, உருவம் செதுக்கி, அரசனின் ஆட்சியாண்டும் ஊரும் பெயரும் பொறித்துவைத்தார்கள். இந்த வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறை திரட்டி 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக 1972-இல் வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோர் சரித்திரத்தில் வேறெங்கும் பெயர் இல்லாதவர்கள். யுத்த வர்ணனைகள் 'ஆயிரம் யானை' என்று பாடிக்கொண்டு போகும். கல் வெட்டியவனோ ஒன்று, ஒன்று, ஒன்று என்று எண்ணியிருக்கிறான்.

எடுத்தனூர்க் கல் அவற்றில் ஒன்று. மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரன் அதில் நிற்கிறான். அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். எருமைகள் எத்தனை என்று கல் சொல்லவில்லை. நாயின் பெயர் கோவிவன்.